தம்பி வளர்த்த பாம்பு

நவம்பர் 9, சனி

காலை பத்து மணிக்கு ஒரு தெரியாத எண். தெரியாத எண்களை நான் எடுப்பதில்லை. நாலாவது தடவையும் அடித்ததால் எடுத்தேன். சரவணம்பட்டியில் தரணி இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளராம். பெயர் சபாபதி. குரலே சால்வை போர்த்திக்கொண்டிருந்தது.

"ஏனுங் மேடம், உங்க தம்பி வீட்ல பாம்பு இருக்குதுங். நாத்தம் தாங்க முடியலீங். சாயங்காலத்துக்குள்ள எடுக்கலீன்னா ஆளக் கூட்டியாந்து அடிச்சுப் போட்ருவோமுங்."

எதை அடிப்பீர்கள், பாம்பையா தம்பியையா என்று கேட்டேன். அந்த மனிதருக்கு அது கேலி என்றே பிடிபடவில்லை. "பாம்பைத்தானுங்" என்றார்.

இரண்டு பஸ் மாறிப் போனேன். அழைப்பு மணியைப் பத்து நிமிடம் அழுத்திய பிறகு கதவு திறந்தது. தரணிதரன், என் உடன்பிறப்பு, நாற்பது வயது, ஏதோ மென்பொருள் கம்பெனியில் உத்தியோகம். தாடி நெஞ்சு வரை. கால்சட்டை இடுப்பில் நிற்காமல் ஒரு நாடாவால் கட்டியிருந்தான். நாற்பது வயதில் ஒரு பெல்ட் வாங்கத் தெரியவில்லை. அவன் தொட்டது எதையும் முடித்ததில்லை: கிடார், மாரத்தான் ஓட்டம், கல்யாணம். அவன் மனைவி பெங்களூருக்குப் போய் இரண்டு வருடமாகிறது.

மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி. சூடு தரும் பல்பு எரிந்துபோய்க் கிடந்தது. அடியில் விரித்த செய்தித்தாள் ஈரத்தில் மக்கி நாறியது. அதன் மேல் பாம்பு, மூன்றரை அடி, சுருண்டு கிடந்தது. உடம்பெங்கும் பழைய தோல் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது, சுண்ணாம்பு உரிந்த சுவர் மாதிரி. கண்கள் வெள்ளையாக இருந்தன. தாடைக்கடியில் கடுகு மாதிரிக் கறுப்புப் புள்ளிகள் ஊர்ந்தன. ஒரு கிண்ணத்தில் மட்டும் சுத்தமான தண்ணீர், விளிம்பு வரை.

"இதுதான் நீ வளர்க்கிற லட்சணமா?"

"தண்ணி மட்டும் வெச்சுட்டே இருந்தேன்க்கா."

பெரிய சாதனை. நான் கொண்டுபோகிறேன் என்றேன். வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. அதன் சாமான்களை ஒரு கட்டைப்பையில் போட்டு, 'அக்கா' என்று ஒரு தாளில் எழுதி ஒட்டி, கதவோரம் முன்கூட்டியே வைத்திருந்தான். தள்ளிவிடுவதில் மட்டும் என்ன ஒழுங்கு.

பாம்பைத் தலையணை உறையில் போட்டுக் கட்டி ஆட்டோவில் ஏறினேன். பையில் என்ன என்றார் ஓட்டுநர். துணி என்றேன். இருபத்தாறு வருடமாகக் காப்பீட்டு அலுவலகத்தில் மற்றவர்களின் பொய்களைப் படித்து நிராகரிப்பவள் நான். ஒரு பொய் எனக்கும் வரும்.

இரக்கத்தால் எடுத்து வரவில்லை. ஒரு வேலை இவ்வளவு மோசமாகச் செய்யப்பட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. அவ்வளவுதான்.

நவம்பர் 10, ஞாயிறு

கோவை ராமநாதபுரத்தில் பாம்பு பார்க்கும் கால்நடை டாக்டர் ஒருத்தர் இருக்கிறார். பெயர் நஸ்ரீன். முப்பது வயதுதான் இருக்கும். காத்திருக்கும் அறையில் ஒரு லாப்ரடாருக்குப் பிறந்தநாள் தொப்பி மாட்டி ஒரு குடும்பமே படம் எடுத்துக்கொண்டிருந்தது. நாய்க்கு மட்டும்தான் அங்கே வெட்கம் இருந்தது.

டாக்டர் பாம்பைக் கையில் எடுத்து, வாயைத் திறந்து பார்த்து, காதருகே வைத்துக் கேட்டார். மூச்சில் 'கொர்' என்று சத்தம். நெஞ்சில் சளி. உடம்பில் தண்ணீரே இல்லை. உண்ணி. நாலைந்து தடவை தோல் உரிக்க முயன்று முடியாமல் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியிருக்கிறதாம். கண் மேலும் அப்படித்தான். எடை 940 கிராம்.

"இது பால் பைத்தான் மேடம். ஆப்பிரிக்கா பக்கத்து மலைப்பாம்பு. பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்கும், அதான் அந்தப் பேர். பொம்பளப் பாம்பு. விஷம் கிடையாது. எவ்ளோ நாளா சாப்பிடல?"

"தெரியாது."

"யார் வளர்த்தாங்க?"

"என் தம்பி. சோம்பேறி."

"அவர் நல்லா இருக்காரா?"

என்ன கேள்வி இது. பாம்பு டாக்டருக்கு அது எதற்கு? நன்றாகத் தின்று கொழுத்து உட்கார்ந்திருக்கிறான் என்றேன்.

தினம் இருபது நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்க வேண்டும். தொட்டியின் ஒரு பக்கம் முப்பத்திரண்டு டிகிரி சூடு. வாரத்துக்கு இரண்டு ஊசி. இப்போதைக்குத் தீனி கூடாது. பிழைக்குமா என்றேன்.

"சொல்ல முடியாது. ஆனா தண்ணி வெச்சிருக்காங்க. அது இல்லேன்னா இங்க வந்தே இருக்காது."

நவம்பர் 12, செவ்வாய்

வேலைக்கு வரும் பழனாத்தா வாசலிலேயே நின்று கண்ணாடித் தொட்டியைப் பார்த்தாள். "அது போனாச் சொல்லியனுப்புங்கம்மா" என்று திரும்பிப் போய்விட்டாள். பத்து வருடம் இந்த வீட்டைக் கூட்டியவள். இந்த வீட்டில் பயப்பட வேண்டியது எனக்கல்ல, பாம்புக்கு என்று அவளுக்கு இத்தனை நாள் கழித்துத் தோன்றியிருக்கிறது.

வீடு முழுவதும் நானே கூட்டித் துடைத்தேன். முட்டி வலி.

நவம்பர் 14, வியாழன்

இட்லிப் பானையில் தண்ணீர் சுடவைத்து, பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி, முழங்கையால் சூடு பார்த்து, அதில் பாம்பை விட்டேன். பிள்ளை பெறாதவள் ஐம்பத்தொரு வயதில் செய்கிற வேலை.

இருபது நிமிடத்தில் தண்ணீரில் முப்பதுக்கு மேல் உண்ணிகள் மிதந்தன. எண்ணினேன். கழுத்துப் பக்கம் ஒரு திட்டுத் தோல் பஞ்சுக்கு வந்தது. கீழே புதுத்தோல், பழுப்பும் கறுப்புமாக, துடைத்து வைத்த தேக்கு மாதிரி. இவ்வளவு நல்ல பொருளைப் பாழாக்க ஒருவனுக்கு எவ்வளவு திறமை வேண்டும்.

அலுவலகத்துக்கு எழுதிய ஒருவர், நின்ற காரின் மேல் தென்னை மட்டை விழுந்ததாக இழப்பீடு கேட்டிருக்கிறார். படத்தில் பக்கத்தில் வேப்பமரம். திருப்பி அனுப்பினேன்.

நவம்பர் 17, ஞாயிறு

மூன்றாவது ஊசி. டாக்டர் போன தடவை சொல்லிக்கொடுத்தார், நானே போட்டேன். உடம்பின் முன்பாதியில், முதுகெலும்புக்குப் பக்கத்துச் சதையில். சதைதான் இல்லை.

சபாபதி பேசினார். சங்கக் கூட்டத்தில் நன்றி சொல்லித் தீர்மானம் போட்டிருக்கிறார்களாம். பாம்பு எப்படி இருக்கிறது, என்ன வகை என்றார். பால் பைத்தான் என்றேன்.

"ஓ, பால் குடிக்கற வகையுங்களா? அப்ப நல்ல பாம்புதானுங்."

இந்த ஆள் நூற்று இருபது வீடுகளுக்குச் செயலாளர்.

"தம்பி எப்பிடி இருக்காருங்? நாங்க பாக்கறதே இல்லீங்" என்றார். பெரிய ஆள், வேலை இருக்கும் என்று வைத்துவிட்டேன்.

நவம்பர் 20, புதன்

மூச்சுச் சத்தம் குறைந்திருக்கிறது. இருமல் எனக்குத்தான் வந்திருக்கிறது.

நவம்பர் 23, சனி

டாக்டரிடம் போனேன். கண் மேலிருந்த பழைய தோலை ஈரப் பஞ்சால் அரை மணி நேரம் ஊறவைத்து, நகம் படாமல் உரித்து எடுத்தார். முதலில் இடது கண். கறுப்பு மணி மாதிரி ஒன்று வெளியே வந்தது. அது என்னைப் பார்த்தது. பாம்புக்குப் பார்வை சரியாகத் தெரியாது என்று டாக்டர் சொன்னார். அது பார்த்துத்தான் ஆக வேண்டும் என்று எனக்கும் அவசியமில்லை.

வெளிநாட்டு இனம் என்பதால் வனத்துறையில் பதிவு செய்த சான்று இருக்க வேண்டுமாம். நான் வைத்துக்கொள்வதானால் உரிமையாளர் கையெழுத்துப் போட்டு மாற்றித்தர வேண்டும். அவனாவது பதிவு செய்வதாவது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து, கட்டிலுக்கடியில் தள்ளியிருந்த கட்டைப்பையைக் கொட்டினேன். சான்று இருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள், மடிப்பில்லாமல். கூடவே ஒரு நீள நோட்டு. கோடு போட்டுக் கட்டம் கட்டியிருந்தான். தேதி, எடை, தீனி, சூடு, ஈரப்பதம். நாலு வருடம், சனிக்கிழமை தவறாமல். பாம்புக்கு அம்முணி என்று பெயர் வைத்திருக்கிறான். அம்மா என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். நாற்பது வயதுக்காரன் பாம்புக்கு வைக்கிற பெயரா இது.

'ஜூன் 15. 1410 கிராம். ஒரு எலி. உடனே பிடித்தாள்.' அதுதான் கடைசி எடை. அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் தேதியும் ஒரே ஒரு சொல்லும்.

ஜூன் 22. தண்ணீர்.

ஜூன் 29. தண்ணீர்.

எழுத்து வாரத்துக்கு வாரம் சிறிதாகிக்கொண்டே வருகிறது. நவம்பர் 2-இல் பூதக்கண்ணாடி வேண்டும். தண்ணீர்.

ஜூன் 15-க்கும் 22-க்கும் நடுவில் என்ன என்று, ஆவணத்தைச் சரிபார்க்கும் பழக்கத்தில், இந்த டைரியையே முன்னால் புரட்டினேன்.

'ஜூன் 16, ஞாயிறு. தரணி வந்தான். முன்னால் சொல்லாமல், கையில் பாம்புப் பெட்டியோடு. பத்து நாள் இங்கே இருக்கட்டுமா என்றான். இது என்ன மிருகக்காட்சி சாலையா என்று வாசலிலேயே கேட்டு அனுப்பினேன். கேஸ் சிலிண்டர் வந்தது.'

என் கையெழுத்துதான்.

நவம்பர் 24, ஞாயிறு

மழை. துணி காயவில்லை.

நவம்பர் 27, புதன்

டாக்டர் தீனி கொடுத்துப் பார்க்கச் சொன்னார். உறையவைத்த எலிக் குஞ்சு கடையில் கிடைக்கிறது. அதை என் ஃப்ரீஸரில், ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். முப்பது வருடமாக முட்டைகூட நுழையாத ஃப்ரீஸர்.

வெந்நீரில் சூடாக்கி, இடுக்கியால் பிடித்து, மூஞ்சிக்கு முன்னால் ஆட்டினேன். பாம்பு தலையை உடம்புக்குள் செருகிக்கொண்டு பந்தாகிவிட்டது. நாற்பது நிமிடம் தரையில் குனிந்து உட்கார்ந்திருந்தேன். நான் நீட்டுவதை வாங்கிக்கொள்ள யாருக்கும் மனசு வராது போலிருக்கிறது.

டிசம்பர் 1, ஞாயிறு

மறுபடியும் தின்னவில்லை. புதிய இடம், புதிய ஆள், பழகினவர் பக்கத்தில் இருந்தால் நல்லது என்கிறார் டாக்டர். பாம்புக்குப் பழகினவராம்.

எப்படியும் கையெழுத்து வேண்டும் என்று தரணியைக் கூப்பிட்டேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. மூன்று தடவை. அவன் பெயரைத் தேடும்போது அவனுடைய பழைய அழைப்புகள் வரிசையாக வந்தன. ஆகஸ்டில் பதினொன்று, எல்லாம் சிவப்பில். ஆகஸ்டில் எங்களுக்கு ஆடிட். நான் யாருடைய போனையும் எடுப்பதில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

மதியத்துக்கு மேல் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுச் சரவணம்பட்டிக்குப் போனேன். கையெழுத்துக்காக.

சபாபதி கீழேயே பிடித்துக்கொண்டார். "ரெண்டு வாரமா லைட்டே எரியறதில்லீங் மேடம். நான் என்னமோ ஊருக்குப் போயிட்டாருன்னு நெனச்சேனுங்."

மணி அடித்தேன். கதவைத் தட்டினேன். பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, காலால் உதைத்தேன். எதிர் வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். என்ன வேடிக்கை என்று அவளைக் கேட்டேன்.

கதவு திறந்தது. நான் அவனைப் பார்த்தேன். அவன் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இருக்குதாக்கா?" என்றான்.

"எது?"

"அம்முணி."

"இருக்கு. மூக்கும் முழியுமா இருக்கு. தள்ளு."

வீடு துப்புரவாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தரை துடைத்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, மேசை மேல் பைகள் வரிசையாக. ஒவ்வொன்றிலும் ஒரு தாள் ஒட்டி, ஒவ்வொரு பெயர். கம்ப்யூட்டருக்கு நண்பன் ஒருவன் பெயர். கிடாரின் மேல் எதிர் வீட்டுப் பிள்ளையின் பெயர். பெங்களூருக்கு ஒரு உறை. சாவிக்கொத்தின் மேல் 'சபாபதி சார்'. வீடு மாற்றப்போகிறான் என்று நினைத்துக்கொண்டேன். எங்கே என்று கேட்கவில்லை.

தாளை நீட்டினேன். கையெழுத்துப் போட்டான். பேனா மூன்று தடவை நழுவியது.

"சாப்ட்டியா?"

யோசித்தான். அந்தக் கேள்விக்கு யோசிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

"கெளம்பு" என்றேன்.

"எங்க?"

"எங்கவா? எலியத் தொட எனக்குக் கொமட்டுது. உன் பாம்பு, உன் எலி. நீ வந்து போடு. நானென்ன உனக்கு வேலைக்காரியா?"

"நாளைக்கு வரேன்க்கா."

"நாளைக்கு எனக்கு ஆபீஸ் இருக்கு."

"சனிக்கெழம..."

நான் நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டேன். நீ வரும்வரை எழுந்திருக்க மாட்டேன், முட்டி வலி, எழுந்திருக்கவும் முடியாது என்றேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். திட்டினேன். அவன் பள்ளிக்கூடத்தில் விட்ட கணக்குப் பாடத்திலிருந்து தொடங்கினேன். திட்டு அவன் கல்யாணத்துக்கு வரும்போது வெயில் தாழ்ந்து ஜன்னலில் மஞ்சளாகியிருந்தது. அவன் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றான்.

"போலாம்க்கா. நீ நிறுத்து."

அந்தப் பைகளில் ஒட்டியிருந்த தாள்களை எல்லாம் கிழித்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். குப்பை போட அங்கே கூடை இல்லை.

டிசம்பர் 4, புதன்

விடுப்பு. முழு நாளாக எடுப்பது பதினாலு வருடத்தில் முதல் முறை. மேலாளர் உடம்பு சரியில்லையா என்றார். பாம்புக்கு என்றேன். சிரித்தார். என் வேலையின் வசதி, நான் உண்மை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை.

அவன் தூங்குகிறான்.

டிசம்பர் 6, வெள்ளி

இன்னும் தூங்குகிறான். எழுப்பினால் கஞ்சி குடிக்கிறான், மறுபடி தூங்குகிறான். பாம்பும் அவனும் ஒரே அறையில். இரண்டு பேரில் யார் அதிகம் அசைகிறார்கள் என்று பார்த்தால் பாம்புதான்.

டாக்டர் நஸ்ரீனிடம் பாம்பைக் காட்டப் போனேன். அவர் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன், தம்பி வந்திருக்கிறான் என்று. தாள் ஒட்டிய பைகளைப் பற்றியும் ஏதோ பேச்சுக்குச் சொன்னேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"மேடம், அவரத் தனியா விட்டுட்டு வந்திருக்கீங்களா இப்போ?"

ஒரு எண் எழுதிக் கொடுத்தார். மனநல டாக்டர். ஆட்டோ பிடித்துத் திரும்பினேன். ஓட்டுநர் மெதுவாகப் போனார், அவருக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை என்று சொன்னேன்.

தூங்கிக்கொண்டுதான் இருந்தான்.

டிசம்பர் 10, செவ்வாய்

மனநல டாக்டர். வழுக்கை, மெதுவான பேச்சு, மேசையில் ஒரு பிளாஸ்டிக் செடி. இதையெல்லாம் நம்பி மனிதர்கள் வருகிறார்கள். தரணியோடு ஒரு மணி நேரம் பேசினார். நான் வெளியே ஒரு பழைய வாரப் பத்திரிகையின் ஒரே பக்கத்தைப் படித்தேன்.

பிறகு என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டார். மாத்திரை, எத்தனை வேளை, எதையெல்லாம் வீட்டில் பூட்டி வைக்க வேண்டும், தனியாக விடக் கூடாது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். விடுப்பை நீட்ட வேண்டும் என்றும் ஓரத்தில் எழுதினேன். "சரியான நேரத்துல கூட்டிட்டு வந்தீங்கம்மா" என்றார்.

யாருக்கும் பொருந்துகிற வாக்கியம். வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

டிசம்பர் 15, ஞாயிறு

தரணி சவரம் செய்துகொண்டான். நான் பக்கத்திலேயே நின்றேன். குளியலறை பல்பைப் பார்க்கிறேன் என்று சொன்னேன்.

தாடிக்குக் கீழே கன்னமே இல்லை.

டிசம்பர் 18, புதன்

பாம்பின் நிறம் மங்கி, கண் நீலம் பாய்ந்திருக்கிறது. அரை மணி நேரம் டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். தரணி எழுந்து வந்து பார்த்தான்.

"தோல் உரிக்கப் போறாக்கா. ஈரத் துணி ஒண்ணு உள்ள வெக்கணும்."

இந்த வீட்டுக்கு வந்து அவன் பேசிய மிக நீளமான வாக்கியம். முன்னாலேயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே.

டிசம்பர் 21, சனி

தோல் உரித்துவிட்டது. ஒரே துண்டு, மூக்கு முதல் வால் வரை, கண்ணின் மூடிகூடத் தனியாகத் தெரிகிறது. தரணி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். தூக்கிப் போடு, நாறும் என்றேன். மடித்து அலமாரியில் வைத்தான்.

டிசம்பர் 22, ஞாயிறு

எலியை அவன் சூடாக்கினான். நான் செய்ததெல்லாம் தப்பாம். தலைப் பக்கம் மட்டும் கூடுதல் சூடாக இருக்க வேண்டுமாம், ஆட்டக் கூடாதாம், நடுக்கம் போல லேசாக அசைக்க வேண்டுமாம். தொட்டிக்கு மேல் ஒரு துணியைப் போட்டு இருட்டாக்கினான். அவன் கை எப்படியும் நடுங்குகிறது, மாத்திரையால். அது இதற்கு உதவியது.

முதலில் நாக்கு வந்தது. பிறகு கழுத்து ஆங்கில 'எஸ்' மாதிரி மடிந்தது. அதற்கப்புறம் நான் எதையும் பார்க்கவில்லை, அவ்வளவு வேகம். பார்க்கும்போது எலியைச் சுற்றி மூன்று சுருள்.

"புடிச்சுட்டாக்கா" என்றான் ரகசியமாக. பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதான்.

எலிக்காகவா அழுகிறாய் என்றேன். தலையாட்டினான். ஆமென்றா இல்லையென்றா தெரியவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை அதிகமாகிவிட்டது, கவனம் இல்லை.

டிசம்பர் 28, சனி

1015 கிராம். அவன் நோட்டைக் கேட்டான். கொடுத்தேன். கட்டத்தில் எழுதினான். மற்ற வாரங்களுக்கு நானே எழுதி வைத்திருந்ததைப் பார்த்தான். எடை எழுதும் கட்டத்தில் நான் சூட்டை எழுதியிருக்கிறேனாம். அதை மட்டும் அடித்துத் திருத்தினான்.

ஜனவரி 4, சனி

இதை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

காலையில் பழனாத்தா போன் செய்தாள், பாம்பு போய்விட்டதா, வேலைக்கு வரட்டுமா என்று. போகவில்லை என்றேன். யார் வளர்த்தது, ஏன் இங்கே வந்தது என்று நோண்டினாள். "ஒரு பாம்பக்கூடப் பாக்கத் துப்பில்லாதவன் வளர்த்தது" என்றேன். பேச்சு வாக்கில் வருவது. திரும்பினால் தரணி சமையலறை வாசலில் நிற்கிறான், கையில் டம்ளரோடு.

டம்ளரை மெதுவாக மேடையில் வைத்தான்.

"துப்பில்லாம இல்லக்கா. மே கடைசீல வேல போச்சு. யாருகிட்டயும் சொல்லல. ராத்திரி பகல் தெரியாமப் போச்சு. தனியா இருந்தா ஏதாவது பண்ணிக்குவேனோன்னு எனக்கே பயம். அதுக்குத்தான் ஜூன்ல வந்தேன். நீ என்னையப் பாக்கவே இல்ல. பெட்டியத்தான் பாத்தே. மிருகக்காட்சி சாலையான்னு கேட்டே."

நான் அந்த டம்ளரை எடுத்துக் கழுவினேன்.

"உள்ள வாடான்னு சொல்லியிருந்தா, நான் பேசியிருப்பேன். ஆகஸ்ட்ல எத்தன தடவ கூப்ட்டேன் தெரியுமா?"

பதினொன்று என்றேன்.

எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அதற்குப் பிறகு குரல் இன்னும் தாழ்ந்தது.

"சபாபதிகிட்ட உன் நம்பரக் குடுத்தது நாந்தான். நான் கூப்ட்டா எடுக்க மாட்டே. தம்பி வீடு நாறுதுன்னு அடுத்தவன் சொன்னா வருவே, உனக்கு மானம் போயிரும். அம்முணியாவது பொழைக்கட்டும்னு நெனச்சேன். அவள எடுத்துட்டுப் போன அன்னிக்கி நீ என்னையும் வான்னு சொல்லுவியான்னு பாத்துட்டே நின்னேன். நீ பையத் தூக்கிட்டுப் போயிட்டே."

போய் அறைக்குள் படுத்துக்கொண்டான். கதவைச் சாத்தவில்லை. சாத்தக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை.

அவன் சொன்னதில் பிழை தேடினேன். ஆகஸ்டில் ஆடிட் என்று சொல்லியிருக்கலாம். பதினொரு ஆடிட் ஒரே மாதத்தில் நடப்பதில்லை. மதியம் ரசம் வைத்தேன், அவனுக்குப் பிடித்த மாதிரி, பூண்டு தட்டிப் போட்டு. தட்டை வைத்துவிட்டு, ஜூன் மாதம் நான் செய்தது தப்பு என்று சொன்னேன். தட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அவனுக்குக் கேட்டதா என்று தெரியாது. ரசம் தீர்ந்திருந்தது.

ஜனவரி 5, ஞாயிறு

ஏழு மணிக்கு எழுந்தேன். தூங்கிவிட்டேன், இரண்டு நாள் களைப்பு. அவன் அறையில் கட்டில் காலி. போர்வை மடித்து வைத்திருந்தது. மடித்து வைத்திருந்தது என்பதைத்தான் முதலில் பார்த்தேன். குளியலறையில் இல்லை. கண்ணாடித் தொட்டியின் மூடி திறந்திருந்தது, உள்ளே பாம்பும் இல்லை. வாசல் கதவின் தாழ்ப்பாள் திறந்திருந்தது.

தெருமுனை வரை போனேன். பால்காரரிடம் கேட்டேன், பார்க்கவில்லை என்றார். ஆட்டோ நிறுத்தத்தில் கேட்டேன். உயரமா, மெலிஞ்ச மாதிரி, நீலச் சட்டை என்றேன். சட்டை நீலம்தானா என்று எனக்கே தெரியவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களிடம் கேட்டேன். முப்பது வருடமாக இந்தத் தெருவில் யாரிடமும் வலியப் போய்ப் பேசாதவளை அவர்கள் வினோதமாகப் பார்த்தார்கள். அடுத்த தெருவில் கிணறு ஒன்று இருக்கிறது. அங்கேயும் போய் எட்டிப் பார்த்தேன். கம்பி வலை போட்டு மூடியிருந்தது.

திரும்பி வரும்போது மேலேயிருந்து "அக்கா!" என்று சத்தம்.

என் வீட்டு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் அவன் தலை தெரிந்தது.

மாடிப்படி இருபத்திரண்டு. எப்படி ஏறினேன் என்று தெரியாது. இளவெயிலில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். முழங்கையில் பாம்பு இரண்டு சுற்றுச் சுற்றி, தலையை அவன் மணிக்கட்டில் வைத்திருந்தது. புதுத்தோல் வெயிலில் எண்ணெய் தேய்த்த மாதிரி மினுங்கியது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது எழுதத் தக்கதல்ல. பக்கத்து வீட்டுக்காரர் பல் துலக்குவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். புத்தி இருக்கிறதா, சொல்லிவிட்டுப் போகத் தெரியாதா, கதவைத் திறந்து போட்டுவிட்டா போவது, திருடன் வந்தால் என்ன செய்வது என்பவை மட்டும் எழுதலாம்.

அவன் எல்லாவற்றையும் கேட்டான். பிறகு என் காலைப் பார்த்தான்.

"ஏன்க்கா செருப்புகூடப் போடல?"

குனிந்து பார்த்தேன். வலது பெருவிரல் கல்லில் இடித்து ரத்தம் வந்திருந்தது. அதுவரை தெரியவில்லை.

"தண்ணித் தொட்டி நெரம்பி வழியுதான்னு பாக்க ஓடியாந்தேன்" என்றேன்.

"மோட்டாரே போடலியேக்கா."

அவன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். நான் உட்கார்ந்தேன். முட்டி மடங்க நேரம் பிடித்தது, அவன் கை கொடுத்தான். தரை இன்னும் சில்லென்றுதான் இருந்தது.

அவன் சொன்னது சரி. மோட்டார் போடவில்லை.